வேலிப்பங்கு

கொக்கட்டிக் கண்டத்து வயல்களில் வேலை செய்தவர்களில் முல்லைக்காரன் அபூசாலியிடம் அடி வாங்காதவர்கள் சிலர் இருந்தார்கள். ஏச்சு வாங்காதவர் ஒருவரும் இல்லை. நெற்கதிர்ச் சூடு மிதித்து முடிந்து வயற்காரர்கள் வீடு திரும்பும் நேரத்தில் அவர் நெல்லடிக்கும் களவெட்டியின் வாசலில் வந்து நிற்பார். சாரன் மடியை அவிழ்த்து உதறிக் காட்டிய பிறகுதான் ஒருவன் வரம்பில் ஏறலாம். என் வாப்பாவும் உதறிக் காட்டியவர்தான்.

ஒரு மாசியில் செல்லத்தம்பியின் மடியிலிருந்து ஒரு பிடி நெல் விழுந்தது. செல்லத்தம்பி பாண்டிருப்பு ஆள். அதே கண்டத்தில் சிறுதுண்டு வயல் சொந்தமாகச் செய்துகொண்டு, மற்ற நாட்களில் கூலிக்கு நிற்பவர். அந்த வருடம் அவருடைய வயல் முழுவதும் மணி பிடிக்காத சாவி. வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், கஞ்சிக்கு எடுத்திருக்கிறார். அபூசாலி அந்த நெல்லை மண்ணில் காலால் பரப்பிவிட்டு, "குந்திப் பொறுக்கு. கோழி மாதிரிக் கொக்கொக்கெண்டு சொல்லிப் பொறுக்கு" என்றார். செல்லத்தம்பி குந்தினார், சொன்னார், பொறுக்கினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாப்பாவும் சிரித்தாராம். சிரிக்காமல் நின்றவனின் மடியை அபூசாலி இரண்டாம் முறை உதறச் சொல்வார் என்று அவர்களுக்குத் தெரியும்.

முல்லைக்காரன் என்றால் போடியாருக்கும் வயற்காரனுக்கும் நடுவில் நிற்பவன். கண்டத்தில் பெரும்பகுதி மஜீட் போடியாருடையது. அவர் கல்முனையில் இருந்தார். விதைப்புக்கு ஒருமுறை, சூட்டுக்கு ஒருமுறை வந்து வயற்குடிசையான வாடியில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் அவருடைய வாயும் கையும் அபூசாலிதான். ஆனால் அபூசாலிக்குச் சொந்தமாக ஒரு வரம்பும் இல்லை. நற்பிட்டிமுனையில் அவர் குடியிருந்த ஓலைவீடுகூடப் போடியாரின் தென்னந்தோட்டத்து ஓரத்தில்தான் நின்றது.

பேராதனையில் நான் வரலாறு படித்தேன். எங்கள் தெருவிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். மற்றவர்கள் இந்திய வரலாற்றையும் இலங்கை வரலாற்றையும் எடுத்தபோது நான் இங்கிலாந்தின் நாட்டுப்புறத் தேவாலயங்களின் கோயிற்பற்றுகளையும், அவற்றுக்குள் அடங்கிக் கிடந்த மேனர் என்ற பிரபுப் பண்ணைகளையும் எடுத்தேன். புத்தகத்தைத் திறந்த முதல் வாரத்திலேயே அபூசாலியை அங்கே கண்டுவிட்டேன். அங்கே அவருக்கு ரீவ் என்று பெயர். ரீவும் ஓர் அடிமைக் குடியானவன்தான். மற்றக் குடியானவர்களை வேலைக்கு விரட்டுவதற்காக அவர்களுக்குள்ளிருந்தே பிரபு அவனை எடுத்துக்கொள்வார். குடியானவன் செத்தால் அவனுடைய நல்ல மாட்டைப் பிரபு எடுப்பார், அடுத்த நல்ல மாட்டைக் கோயில் எடுக்கும். அந்த மாட்டைத் தொழுவத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு போகிற கை பெரும்பாலும் ரீவின் கையாக இருக்கும். கோயிற்பற்றின் எல்லையைச் சுற்றி ஊர்வலம் போகும் நாளில் எல்லைக்கற்களில் சிறுபிள்ளைகளை மோதுவார்கள், அடிப்பார்கள். வலித்த இடம் வயதான பிறகும் மறக்காது, நாளைக்கு வழக்கு வந்தால் சாட்சி சொல்வார்கள் என்பது கணக்கு. எழுத்தில்லாத ஊரில் வலிதான் உறுதி.

எங்கள் கண்டத்திலும் எழுத்து எதுவும் இல்லை.

இந்தக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மாப்பிள்ளை பெண்வீட்டுக்குத்தான் வருவான். வருவதற்கு வீடு வேண்டும், வீட்டுக்கு வளவு வேண்டும். அபூசாலிக்கும் சரீபாவுக்கும் ஒரே மகள், சுல்பிகா. அவள் பிறந்த செய்தியை அபூசாலி சொன்னபோது போடியார் தென்னந்தோட்டத்தின் கிழக்கு மூலையைக் கைநீட்டிக் காட்டி, "அது உன்ட மகளுக்கு" என்றார். சுல்பிகா வளர்ந்து குமரான பிறகு வந்த எழுபத்தெட்டுப் புயலில் அந்த மூலைத் தென்னைகள் எல்லாம் வேரோடு விழுந்தன. போடியார் வந்து பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே வந்து இடத்த ஒதுக்கித் தந்திட்டான் பாத்தியா?" என்று சிரித்தார். அபூசாலி அன்றைக்கே குற்றிகளைக் கிளறி அப்புறப்படுத்தத் தொடங்கினார். வீடு வரப்போகும் இடத்தை மகளுக்குக் காட்டி, குசினி எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளையும் தயாராக இருந்தான். போடியாரின் உழவு மெசின் ஓட்டுகிற உதுமாலெவ்வை. அபூசாலி ஏசுவதை நிறுத்தியிருந்த ஒரே ஆள் அவன். அவனுடைய வீட்டார் கேட்டது ஒன்றுதான்: "வளவ நொத்தாரிசு முன்னால எழுதிப் போட்டு வாங்க, நிக்காஹ்வ நாளைக்கே வச்சிருவம்." அந்த எழுத்துக்குத்தான் அபூசாலி போடியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சூடு முடியட்டும்" என்பார் போடியார். அடுத்த சூடும் முடியும்.

இனி வேலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்டத்தைச் சுற்றிக் காட்டுக்கம்பும் முள்ளும் போட்டுக் கட்டும் வேலி எல்லாருக்கும் பொது. யாருக்கு எவ்வளவு வயலோ அவ்வளவு நீளம் அவருடைய வேலிப்பங்கு. யாருடைய பங்கால் மாடு புகுந்ததோ அவர், அழிந்த பயிருக்கெல்லாம் தன் சூட்டிலிருந்து நெல் அளந்து கொடுக்க வேண்டும். மேனரிலும் இதே வழக்கம்தான். அங்கே வேலிக்கென்று தனியாக ஒரு காவல்காரனே இருந்தான். இங்கே வட்டவிதானை. கொக்கட்டிக் கண்டத்து வட்டவிதானை கந்தப்போடி, நெற்றியில் திருநீறு மாறாத மனிதர். எங்கள் வழக்கத்தில் இன்னுமொன்று இருந்தது. வேலிப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவன் கட்டாமல் விட்டுக் கண்டத்தைத் தின்னக் கொடுத்தால், அவன் அதற்குப் பிறகு அந்தக் கண்டத்தின் களவெட்டியை மிதிக்கக் கூடாது. அபூசாலி அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கூலிக்காரர் சிலரை அனுப்பியிருக்கிறார். அது கூலிக்காரருக்கான சட்டம் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

எண்பத்தொன்றாம் ஆண்டு விதைப்பு முடிந்து வேலி கட்டுகிற காலத்தில் போடியாரின் மகளுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளை சவூதியில் வேலை செய்யும் இஞ்சினியர். லீவு முடிவதற்குள் முடிக்க வேண்டும். போடியாரின் வயற்காரர் எல்லாரையும் கல்முனைக்கு அழைத்தார்கள். விறகு பிளக்க, பந்தல் போட, மழைக்குப் படங்கு இழுத்துக் கட்ட. தன்னுடைய பயிர் காத்துக் கிடக்கும்போது பிரபுவின் வேலைக்கு ஓட வேண்டிய அந்த ஊழியத்தை மேனரில் அன்பு வேலை என்றுதான் சொன்னார்கள். அன்புக்கு மறுப்புச் சொல்ல முடியாது.

அபூசாலி மறுப்பாக அல்ல, நினைவூட்டல் மாதிரிச் சொல்லிப் பார்த்தார். "போடியார், நம்மட வேலி ஆத்துப் பக்கம் அரைவாசி கிடக்கு. நாலு பேர விட்டாப் போதும்."

"என்ட மகள்ர கலியாணம் பெரிசா, உன்ட வேலி பெரிசா?"

"கலியாணம்தான் போடியார்."

"மறுகா என்ன? பழைய முள்ளு கிடக்கும். மாட்டுக்கென்ன கண்ணா தெரியும், இது புது முள்ளு, இது பழைய முள்ளு எண்டு? போ, படங்க இழு."

அந்தப் பந்தலுக்கு நானும் போயிருந்தேன். போடியார் பெரிய மனிதர்கள் நடுவே என்னைக் கூப்பிட்டார்.

"நீ அச்சிமுகம்மதுட மகன்தானே? பேராதனையில என்ன படிச்ச?"

"வரலாறு. இங்கிலாந்துக் கிராமங்கள்ட வரலாறு."

"வெள்ளைக்காரன்ட வயலப் படிக்கவா மலை ஏறின? நம்மட வயலுக்க இறங்கி நிண்டிருந்தா இனாமாப் படிச்சிரிக்கலாமே!" எல்லாரும் சிரித்து முடியும் வரை காத்திருந்தார். "சரி, அங்கயும் போடிமார் இரிந்தானுகளா?"

"இருந்தாங்க."

"முல்லைக்காரன்?"

"ரீவ் எண்டு சொல்றது."

"அவன் பிழை விட்டா?"

"பிரபுவுக்கு வாற நட்டத்துக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு."

"சங்கையான சட்டம்! கேட்டியா அபூசாலி?"

சோற்றுச் சஹனைத் தூக்கிக்கொண்டு போன அபூசாலி நின்று, குனிந்து சிரித்தார். "கேட்டன் போடியார்."

கலியாணத்துக்கு அடுத்த நாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கண்டத்துக்குப் போனவர்கள் திரும்பி ஓடி வந்தார்கள். ஆற்றுப் பக்கத்துப் பழைய முள்ளைத் தள்ளிக்கொண்டு ஒரு பட்டி மாடு உள்ளே இறங்கியிருந்தது. போடியாரின் வயல் மேட்டில் இருந்ததால் அது தப்பிவிட்டது. பள்ளத்தில் இருந்த சிறுவயற்காரரின் பயிர் அடிவரை போயிருந்தது, தின்னாததை மிதித்திருந்தன. செல்லத்தம்பியின் துண்டில் சேறும் குளம்புத் தடமும்தான். மாடுகளின் தொடையில் இருந்த குறியை யாரும் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அவை மஜீட் போடியாரின் மாடுகள். வேலியும் மஜீட் போடியாரின் பங்கு.

அன்று பின்நேரமே போடியார் அபூசாலியைக் கூப்பிட்டு அனுப்பினார். அங்கே நடந்ததை அபூசாலி வீட்டில் போய்ச் சொல்ல, சரீபா என் உம்மாவிடம் சொன்னார். உம்மாவிடமிருந்து நான் அறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"புது மருமகன் வீட்ட நிக்கிறார்" என்றிருக்கிறார் போடியார். "அவர் பாக்க, நான் கூட்டத்தில எழும்பி நிண்டு நெல் அளக்கிறதா? நான் கட்டச் சொன்னன், நீதான் அசட்டையா விட்டிட்டாய். அவ்வளவுதான். நீ அதச் சொல்லு. கிழக்கு மூலைய நான் எழுதுறன்."

சரீபா இதைக் கேட்டு, அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னார்:

"சுல்பிகாட வாப்பா, எழுதின பிறகு சொல்லுங்க. சொன்ன பிறகு எழுதுவார் எண்டு நம்பிப் போகாதீங்க."

"நாளைக்குக் கூட்டம். நாளைக்குள்ள நொத்தாரிசத் தேடிப் பிடிக்கிறதா? போடியார்ர வாய்ல வந்தா வந்ததுதான்."

"அது வாய்ல வந்து எத்தின வருசம்? அந்த வாய்லயேதான் கிடக்கு."

"உனக்கென்னடி தெரியும்? அவர்ர மானத்த நான் காப்பாத்தப் போறன். மானத்தக் காப்பாத்தினவன ஒரு போடியார் விடமாட்டார்."

"களவெட்டிச் சட்டம்?"

"அது எனக்கா?" என்று அபூசாலி சிரித்தாராம். "அந்தச் சட்டத்தச் சொல்றவனே நான்தான்டி."

கூட்டம் மருதமரத்தடியில் கூடியது. கந்தப்போடி நடுவில் இருந்தார். போடியாருக்கு மட்டும் கதிரை. வந்திருந்தவர்களில் பாதிப்பேர், வேலி கட்ட வேண்டிய நாட்களில் பந்தலில் விறகு பிளந்தவர்கள். செல்லத்தம்பி அங்கே அடுப்புக்குக் குழி வெட்டியவர். வேலி ஏன் கட்டப்படவில்லை என்பது அவர்கள் ஒவ்வொருவரின் தோளிலும் இன்னும் நோவாக இருந்தது.

அபூசாலி எழுந்தார். "போடியார் கட்டச் சொன்னவர். நான்தான் அசட்டையா விட்டிட்டன்."

செல்லத்தம்பி, "கேக்கல்ல" என்றார்.

"போடியார் கட்டச் சொன்னவர். நான்தான்…"

"பின்னால இரிக்கிற ஆக்களுக்குக் கேக்கல்ல. உரத்துச் சொல்லு."

அதுவரை செல்லத்தம்பி அவரை 'நீங்க' என்றுதான் கதைத்து வந்தார். அபூசாலி உரத்துச் சொன்னார். பின்னால் யாரோ, "இந்தப் பக்கம் திரும்பியும் ஒருக்காச் சொல்லச் சொல்லுங்க" என்றான். அபூசாலி அந்தப் பக்கம் திரும்பியும் சொன்னார். சிரிப்பு எழுந்தது. போடியாரும் சிரித்தார்.

"நம்மட அச்சிமுகம்மதுட மகன் பட்டதாரி" என்றார் போடியார். "அவன் சொன்னான், வெள்ளைக்காரன்ட ஊரிலயும் இதான் சட்டமாம். பொறுப்பு முல்லைக்காரனுக்குத்தானாம்."

அவர் சொன்னது சரி. ஆனால் அது பாதி. ரீவ் பொறுப்பில் இருக்கும் வருடத்தில் அவன் பிரபுவுக்கு நிலவாரம் கொடுக்க வேண்டியதில்லை. அறுவடை நாளில் பிரபுவின் மேசையில் சாப்பாடு உண்டு. பிரபுவின் ஆள் மரத்தடியில் பன்னிரண்டு பேர் பார்க்க ஒரு கோலைக் கையில் கொடுத்து நிலத்தைக் கொடுத்தான் என்றால், அந்தப் பன்னிரண்டு பேரின் ஞாபகம் பிள்ளைகள் காலம்வரை வழக்காடும். அபூசாலிக்கு மூலையைக் காட்டியபோது தென்னைகள் மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இதைச் சொல்ல நான் அந்தக் கூட்டத்தில் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"அப்ப களவெட்டிச் சட்டம்?" என்று செல்லத்தம்பி கேட்டார்.

கந்தப்போடி போடியாரைப் பார்த்தார். அபூசாலியும் போடியாரைப் பார்த்தார். போடியார் மருதமரத்து உச்சியைப் பார்த்தபடி சொன்னார்:

"கண்டத்துச் சட்டத்துக்கு மேல நான் ஆரு, வட்டவிதானையார்?"

அபூசாலிக்குக் களவெட்டி முடிந்தது. அதன் பிறகு போடியார், அழிந்த பயிருக்குத் தான் கடன்பட்டவர் அல்ல என்றாலும் ஏழைகளின் வயிறு எரிவதைப் பார்த்திருக்க முடியாது என்று சொல்லி, ஆளுக்கு ஒரு மூட்டை நெல் தருமமாக அறிவித்தார். அவர்களுக்கு வர வேண்டியதில் அது கால்வாசியும் இல்லை. செல்லத்தம்பி எழுந்து இரண்டு கையாலும் கும்பிட்டார். சட்டப்படி கேட்டு வாங்கியிருந்தால் அடுத்த போகம் உழவு மெசின் அவருடைய வயலில் இறங்காது. தருமமாக வாங்கினால் இறங்கும். அபூசாலி என்ற மனிதன் மேல் இரக்கப்பட அங்கே யாருக்கும் காரணம் இருக்கவில்லை. வாப்பாவிடம் கேட்டேன், நீங்கள் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்று. "என்ட மடிய உதறினவனுக்கு நான் வாயத் திறக்கிறதா?" என்றார்.

வளவு விடயமாக அபூசாலி அடுத்த வாரம் போனார்.

"இப்ப எழுதினா ஊர் என்ன கதைக்கும்?" என்று கேட்டார் போடியார். "கண்டத்தத் தின்னக் குடுத்தவனுக்கு மஜீட் போடி வளவும் குடுத்தான், இதுக்குள்ள என்னமோ இரிக்கி எண்டு கதைக்கும். ரெண்டு பேரும் சேந்து மாட்டிக்கொள்ளுவம். ஒரு வருசம் போகட்டும்."

அதில் பிழை சொல்ல முடியாது. அவ்வளவு சரியான நியாயம் அது. அபூசாலியும் சரியென்றுதான் வந்தார்.

அந்த ஒரு வருடத்துக்குள் கொக்கட்டிக் கண்டத்துக்குப் புது முல்லைக்காரன் வேண்டியிருந்தது. உதுமாலெவ்வை மெசினும் ஓட்டுவான், ஆட்களும் அவனுக்கு அடங்குவார்கள். போடியார் அவனை எடுத்தார். உதுமாலெவ்வையின் தாய் சரீபாவிடம் வந்து நின்றபடியே சொல்லிவிட்டுப் போனாள்: "நாங்க ஒண்டும் கோவிச்சுக்கொண்டு போகல்ல. களவெட்டி மிதிக்க ஏலாத வீட்டில முல்லைக்காரன் எப்பிடிப் பொண்ணெடுக்கிற? நீங்களே சொல்லுங்க."

போடியார் வீட்டில் சிறுவயது முதல் வளர்ந்த றாஹிலா என்ற அநாதைப் பெண்ணை அவனுக்குப் பேசினார்கள். பெண்ணுக்கு வளவு வேண்டுமே. போடியார் கிழக்கு மூலையை நொத்தாரிசு முன்னால் எழுதிக் கொடுத்தார். குற்றி கிளறித் துப்புரவான இடம். வீடு கட்டக் கல் அரிய வேண்டியதுதான் பாக்கி. அநாதைக்கு வளவு கொடுத்த கையைப் பற்றி வெள்ளிக்கிழமை பள்ளியில் புகழ்ந்து பேசினார்கள். அபூசாலி முன்வரிசையில் இருந்து ஆமீன் சொன்னார்.

வேறு கண்டங்களிலும் அவரைக் கூப்பிடவில்லை. கல்முனைச் சந்தையில் மூட்டை தூக்கினார். கண்டத்து ஆட்கள் நெல் விற்க வரும்போது அவர்களுடைய மூட்டையும் அவருடைய தோளில் ஏறும். அவர்கள் வேண்டுமென்றே அவரைத் தேடிக் கூப்பிடுவார்கள். எண்பத்துமூன்று தொடக்கத்தில் போடியார் ஆள் அனுப்பினார்: வீட்டில் மகளுக்குக் கைக்குழந்தை, உதவிக்கு ஆளில்லை, சுல்பிகாவை விட முடியுமா? சரீபா கதவை அடைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அபூசாலி மகளைக் கூட்டிக்கொண்டு போனார். வழியில் கண்டவர்களிடமெல்லாம், "போடியார் எங்களக் கைவிடல்ல" என்று சொன்னார்.

போடியாரின் இளைய மகனுக்கு உயர்தரத்துக்கு வரலாறு சொல்லிக் கொடுக்க அந்த வீட்டுக்கு நான் போய்வந்த காலம் அது. படிக்கும் அறையின் யன்னல் குசினிப் பக்கம் திறந்திருக்கும். ஒரு பகல், அபூசாலி வெளிக்கதவால் வர, சுல்பிகா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

"முன்னால வராதீங்க வாப்பா. பின்பக்கத்தால வாங்க."

அவர் சுற்றிக்கொண்டு வந்து குசினிப் படியில் குந்தினார். வேலைக்காரருக்கென்று வைத்திருக்கும் தகரக் கோப்பையில் அவள் சோறு போட்டுக் கொடுத்தாள். இரண்டு வாய் தின்றுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மகள், கிழக்கு மூலை போனாப் போகட்டும். மேக்குப் பக்கம் கிணத்தடியால ஒரு மூலை சும்மா கிடக்கு. போடியார் நல்ல முகமா இரிக்கிற நேரத்தில மெல்லக் கேட்டுப் பாரு."

"கேட்டன்."

அவருடைய கை கோப்பைக்குள் நின்றது. "என்ன சொன்னார்?"

"ஒண்டும் சொல்லல்ல. சிரிச்சார்."

அபூசாலி சோற்றைப் பிசைந்தார்.

"சிரிச்சாரெண்டா நல்லதுதான்" என்றார். "கோவம் இருந்தாச் சிரிக்க மாட்டார்."

சுல்பிகா அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.